வகுப்பின் வரலாறு, வகுப்பின் உயில், வகுப்பின் வருங்காலம்



மாசி பிறந்தால் நம் மேல்நிலைப் பள்ளிகளில் பிரியாவிடைக் காலம். செய்முறைத் தேர்வு முடிந்து, ரெக்கார்டு நோட்டுகள் திரும்பி வந்து, பொதுத்தேர்வுக்கான நுழைவுச்சீட்டு கைக்கு வருகிற நாட்களில் பிளஸ் டூ மாணவ மாணவியருக்கு பிளஸ் ஒன் வகுப்பினர் விடைகொடுக்கிறார்கள். ஆசிரியர்கள் நாற்காலியில் அமர, உயரமான பிள்ளைகள் பின்வரிசைப் பெஞ்சில் ஏறி நிற்க, குழுப்படம் எடுக்கப்படுகிறது. நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் ஏற்றிக் கொடுக்கும் மெழுகுதிரியின் சுடர் கை மாறிக் கை மாறி வகுப்பு முழுவதும் பரவுகிறது. பங்குகளில் தேர்வு எழுதுவோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, பேனாக்களை மந்திரித்துத் தருகிறோம். கடைசித் தேர்வு முடிந்த அன்று வெள்ளைச் சட்டைகளில் மை தெறிக்கிறது. வீட்டில் அம்மா திட்டுகிறார்.

இவை எல்லாம் நல்லவையே. ஆனால் இந்த நாட்களில் ஒரு வகுப்பு உண்மையில் என்ன செய்கிறது என்று நாம் நின்று யோசிப்பதில்லை. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. தான் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறது. தான் போகப் போகும் வழியைக் கற்பனை செய்கிறது. இந்த இரண்டையும் பதினேழு வயதில் ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதைப் பொறுத்தே, அடுத்த சில ஆண்டுகளில் வெற்றியையும் தோல்வியையும் அவர் எப்படி எதிர்கொள்வார் என்பது பெரும்பாலும் அமைகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மூன்று வாசிப்புகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பள்ளியை விட்டுப் போகும் வகுப்பு, பட்டமளிப்பை ஒட்டிய ஒரு நாளில், தானே எழுதிய மூன்று உரைகளைச் சபையில் வாசிக்கும். முதலாவது வகுப்பின் வரலாறு: சேர்ந்த நாளிலிருந்து நடந்தவற்றின் தொகுப்பு. இரண்டாவது வகுப்பின் உயில்: தங்களுக்குப் பின் வருகிறவர்களுக்குத் தாங்கள் விட்டுச் செல்பவற்றின் பட்டியல். மூன்றாவது வகுப்பின் வருங்காலம்: இன்னும் இருபது ஆண்டுகளில் இன்னார் இப்படி இருப்பார் என்று உடன் படித்தவர்களே நகைச்சுவையாகச் சொல்லும் கணிப்பு. பள்ளிகளின் ஆண்டு மலர்களில் இவை அச்சாகியும் வந்திருக்கின்றன.

நம் பள்ளிகளில் இந்தப் பெயர்களில் எதுவும் வாசிக்கப்படுவதில்லை. ஆனாலும் மூன்றும் நம்மிடமும் நடக்கத்தான் செய்கின்றன. ஆட்டோகிராப் நோட்டில் வரலாறு எழுதப்படுகிறது. தம்பிமாருக்குக் கைமாறும் குறிப்பேடுகளில் உயில் இருக்கிறது. வருங்காலத்தைக் கணிக்கும் வேலையை மட்டும் நாம் பிள்ளைகளிடம் விடுவதில்லை. அதைப் பெற்றோர், டியூஷன் ஆசிரியர், மாமா, சித்தப்பா, பத்திரிகையில் வரும் கட்-ஆப் அட்டவணை என எல்லாரும் சேர்ந்து செய்துவிடுகிறோம்.

வரலாறு: யார் பெயர் விடுபட்டது?

முதலில் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 12 ஆண்டுகளில் ஒரு பிள்ளை 2,400 காலைகள் பள்ளிக்கூட மணியோசை கேட்டிருக்கிறது. வீட்டில் பெற்றோருடன் விழித்திருந்த நேரத்தைவிட வகுப்புத் தோழர்களுடன் இருந்த நேரம் பல பிள்ளைகளுக்கு அதிகம். இப்படிப்பட்ட ஒரு காலத்தை ஒரு குழுப்படத்தில் அடக்கிவிட முடியாது.

தமிழகத்தில் இந்த விடைபெறும் வயதே ஒருமுறை மாறியிருக்கிறது. 11 ஆண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படிப்பதே முன்பிருந்த முறை. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது; 1980இல் முதல் பிளஸ் டூ அணி பொதுத்தேர்வு எழுதியது. அந்த முதல் அணியினருக்கு இன்று 60 வயது கடந்துவிட்டது. அவர்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள்.

ஒவ்வோர் அணிக்கும் தனி வரலாறு உண்டு. 2021இல் பிளஸ் டூ முடித்தவர்களை எண்ணிப் பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டது. அவர்களுடைய பிளஸ் டூ ஆண்டு கைப்பேசித் திரையிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் தொடங்கியது. 2021 ஜனவரி 19 அன்றுதான் அவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். மூன்று மாதம்கூட முழுமையாக இருக்கவில்லை. அதற்குள் இரண்டாம் அலை வந்தது. ஜூன் மாதம் பொதுத்தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20 விழுக்காடு, பிளஸ் டூவின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கூட்டி, ஜூலை 19 அன்று மதிப்பெண் தரப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி, ஒருவரும் தோற்கவில்லை. குழுப்படமும் பிரியாவிடையும் இல்லாமலேயே பலர் வெளியேறினார்கள். கேலிக்கு ஆளான அணியும் அதுவே. ஆனால் வீட்டில் நோயும் வேலையிழப்பும் இருந்த நாட்களில், அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியை மாற்றி மாற்றி வைத்துப் படித்த அணியும் அதுதான்.

அந்த ஆண்டில் தேர்வில்லாமல் பத்தாம் வகுப்பு தேறியவர்கள் 2023இல் பிளஸ் டூ எழுத வேண்டியவர்கள். 2023 மார்ச் 13, மொழிப்பாடத் தேர்வு. அன்று தேர்வு எழுத வராதவர்கள் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். எல்லாருடைய பெயரும் பதிவேட்டில் இருந்தது. நுழைவுச்சீட்டு எண் இருந்தது. மேசையில் எண் ஒட்டப்பட்டிருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. பொதுமுடக்க மாதங்களில் சம்பாதிக்கப் போன பையன்கள் பலர் திரும்பவில்லை. கடற்கரையில் தொழிலுக்குப் போனவனும், பனியன் கம்பெனியில் சேர்ந்தவனும், கட்டட வேலையில் கையாளாக நின்றவனும் அவர்களில் உண்டு. பெண் பிள்ளைகள் சிலருக்கு 18 வயது நிறையும் முன்பே திருமணம் முடிக்கப்பட்டது.

ஆகவே ஒரு வகுப்பு தன் வரலாற்றை எழுதும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: பத்தாம் வகுப்பில் நம்மோடு இருந்து, இன்று குழுப்படத்தில் இல்லாதவர் யார்? வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடப்பட்ட அந்தப் பெயர் யாருடையது? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நின்றுபோனவர் ஏன் நின்றார் என்று தெரிந்தவர்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரோ இருவரோதான். அந்த ஒருவர் பேசினால், அந்த வகுப்பின் வரலாறு முழுமை பெறும். அவர் பேசுவதற்கு நாம் இடம் தருகிறோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவர், அவரோடு பள்ளியில் படித்த பிள்ளைகளாலேயே, சாதி வெறியால், வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டார். அதன்பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிறு கட்டிய கைகள் ஒரே பெஞ்சில் எழுதின. கயிறு கட்டாதவரை அந்தக் கைகள் எப்படி நடத்தின என்பதும் வகுப்பின் வரலாறுதான். நம் பங்குகளும் நம் பள்ளிகளும் இந்த நோய்க்கு வெளியே இருக்கின்றன என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடைபெறும் நாளில் இதைப் பற்றி இருவர் மனம்விட்டுப் பேசி, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு பிரிந்தால், மேடைப் பேச்சுகள் பலவற்றைவிட அது பெரிது.

உயில்: எதை விட்டுச் செல்கிறோம்?

உயில் என்றால் சொத்துள்ளவர் எழுதுவது என்று நினைக்கிறோம். பதினேழு வயதினரிடம் என்ன சொத்து? ஒரு வேதியியல் கைடு, கோணமானி உடைந்த ஜியோமெட்ரி பாக்ஸ், பெஞ்சில் காம்பசால் கீறிய பெயர்.

உண்மையில் ஒவ்வொரு வகுப்பும் பெரிய சொத்துகளை விட்டுச் செல்கிறது. நல்ல கையெழுத்தில் எழுதிய கணக்கு நோட்டு ஒன்று, பிரதி எடுக்கப்பட்டு நான்கைந்து ஆண்டுகள் ஒரு பள்ளியில் உலாவுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வினாவை எப்படி எழுதினால் புரியும் என்று ஓர் அக்கா தங்கைக்குச் சொல்லிக் கொடுப்பதை எந்த டியூஷனும் ஈடுசெய்வதில்லை. சில வகுப்புகள் பணம் போட்டுப் பள்ளிக்குக் கடிகாரமோ குடிநீர்த் தொட்டியோ வாங்கித் தருகின்றன. சில வகுப்புகள் மரம் நடுகின்றன.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத உயில் ஒன்றும் உண்டு. பேச்சு திக்குகிற பையனைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் ஒரு வகுப்பில் இருந்தால், அதைப் பார்த்து வளர்ந்த அடுத்த வகுப்பும் சிரிக்கும். மதிய உணவு கொண்டு வராதவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கும் பழக்கம் இருந்தால், அதுவும் அப்படியே தொடரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாரைப் பார்த்து நடக்கிறார்கள்? பிளஸ் டூ அண்ணன்மாரையும் அக்காமாரையும்தான். ஆசிரியர் சொல்லைவிட அவர்களின் நடை சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஆசிரியப் பெருமக்கள் பிரியாவிடை நாளில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, இந்த வகுப்பு எந்தப் பழக்கத்தை விட்டுச் செல்ல விரும்புகிறது, எதைத் தன்னோடு முடித்துக்கொள்ள விரும்புகிறது என்று கேட்கலாம். எழுதிப் பெயரில்லாமல் கொடுக்கச் சொன்னால் உண்மை வரும்.

வருங்காலம்: அந்தந்த ஆண்டின் கனவு

இனி வருங்காலம். இதில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒவ்வோர் அணியும் தன் வருங்காலத்தை அந்த ஆண்டில் கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டே கட்டுகிறது. 1980இல் முதல் பிளஸ் டூ அணி வெளியே வந்தபோது, படித்த பிள்ளையின் அடுத்த படி தட்டச்சும் சுருக்கெழுத்தும் என்பதே ஊர் வழக்கம். லோயர், ஹையர் என்று இரண்டு தேர்வையும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூப்புப் பட்டியல் நகர்வதைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சியும் செவிலியர் பயிற்சியும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட வருங்காலங்கள். பொறியியல் என்பது மிகச் சிலருக்கே எட்டிய கனவு.

1984இல் தமிழக அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. கனவின் நிறம் மாறியது. 2000 ஜூலையில் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது, கிராமத்துப் பெற்றோருக்கும் கணினி என்ற சொல் வருங்காலத்தின் பெயராகிவிட்டது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் பொறியியலில் சேர்த்தார்கள். பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள். பலர் பட்டத்தோடு வேறு வேலைக்குப் போனார்கள். பின்னாளில் இடங்கள் நிரம்பாமல் கல்லூரிகள் சில மூடப்பட்டதையும் கண்டோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கணினி படித்தவர் செய்யும் வேலையையே கணினி செய்துவிடுமோ என்ற கேள்வி பிளஸ் டூ பிள்ளைகளின் பேச்சில் வந்துவிட்டது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? 1980இல் யாரும் தட்டச்சு நிலையங்கள் மறையும் என்று கணிக்கவில்லை. இன்று நாம் பிள்ளைக்குக் கணித்துச் சொல்லும் வேலையின் பெயர் 2046இல் இருக்குமா என்று நம்மில் யாருக்கும் தெரியாது. வேலையின் பெயரை மட்டும் வைத்துக் கட்டிய வருங்காலம், அந்த வேலை போகும்போது தானும் சரிந்துவிடும்.

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் இளமையை நினைத்துப் பாருங்கள். இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பின் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்றவர். அவர் கண்ட வருங்காலம் விண்வெளியோ ஏவுகணையோ அல்ல. போர் விமானம் ஓட்டுவது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எட்டுப் பேர். மனம் உடைந்து ரிஷிகேசம் சென்றதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். ஓர் இடத்தில் அவரது கனவு முடிந்தது. ஆனால் பறப்பதைப் பற்றி அறியும் ஆசை முடியவில்லை. அது வேறு வழி தேடிக்கொண்டது. பிள்ளையின் ஆசை வேறு, அந்த ஆசைக்கு அந்த ஆண்டில் கிடைத்த வேலைப் பெயர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை.

நம் ஊரில் வருங்காலம் முடிவாவது பிளஸ் டூவில்கூட அல்ல. பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. உயிரியலா, கணினி அறிவியலா, வணிகவியலா, தொழிற்பிரிவா என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொல்ல வேண்டும். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200க்குக் கட்-ஆப் எண்ணத் தொடங்குவதும் அப்போதே. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு கட்டாயமானதால், சில வீடுகளில் பிளஸ் டூ முடிந்தும் ஓராண்டு, ஈராண்டு பயிற்சி வகுப்பில் கழிகிறது. இந்தக் கணக்குகள் தேவையானவை; மறுக்கவில்லை. ஆனால் இவை ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

உடன் படித்தவர்கள் அதிகம் அறிவார்கள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் உடைந்தபோது பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவன் யார், சுற்றுலாவில் வாந்தி எடுத்தவளின் தலையைப் பிடித்துக்கொண்டவள் யார், கணக்குப் புரியாதவருக்கு ஐந்து முறை சலிக்காமல் சொன்னவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். மதிப்பெண் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை. பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் நன்று என்றே எழுதப்படுகிறது. வகுப்பு தன் வருங்காலத்தைத் தானே சொல்லட்டும் என்று விட்டால், இவர் மருத்துவர் ஆவார் என்று சொல்வதைவிட, இவர் எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரைத் தனியே விடமாட்டார் என்று சொல்லக்கூடும். இருபது ஆண்டுகள் கழித்தும் பொய்க்காத கணிப்பு அதுவே. படிப்பில் பின்தங்கிய ஒருவர், தன்னைப் பற்றி வகுப்பு சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவும் முடியும்.

முடிவுகள் வரும் நாள்

கற்பனை செய்த வருங்காலமும் மெய்யான மதிப்பெண்ணும் சந்திக்கும் நாள் மே மாதத்தில் வருகிறது. அன்று நடப்பவற்றில் சில நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. 2017இல் தமிழக அரசு மாநில, மாவட்ட ரேங்க் பட்டியலை நிறுத்தியது. 1,200ஆக இருந்த மொத்த மதிப்பெண் 600ஆகக் குறைக்கப்பட்டது. 2018இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் தோளிலிருந்து கொஞ்சம் சுமை இறங்கியிருக்கிறது.

ஆனால் ரேங்க் பட்டியல் அரசு அலுவலகத்திலிருந்து போனதே தவிர, தெருவிலிருந்து போகவில்லை. முடிவு வந்த அரை மணி நேரத்தில் உறவினர் கைப்பேசிகள் ஒலிக்கின்றன. எவ்வளவு என்ற ஒரே கேள்வி. நன்றாக வந்தவர்களின் படம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் பலகையாக நிற்கிறது.

2025ஆம் ஆண்டு முடிவுகளைப் பாருங்கள். எழுதியவர்கள் 7,92,494 பேர். தேறியவர்கள் 7,53,142 பேர், அதாவது 95.03 விழுக்காடு. மாணவியர் 96.70, மாணவர் 93.16. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் கழித்துப் பார்த்தால் 39,352 பேர் தேறவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும் ஊரில் தோற்பது, பாதிப் பேர் தோற்ற காலத்தில் தோற்பதைவிடத் தனிமையானது. அன்று பக்கத்து வீட்டுப் பையனும் தோற்றிருப்பான், சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்று அந்தத் தெருவில் அவன் ஒருவனே.

அந்தப் பிள்ளைக்கு அன்றே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோல்வி ஓராண்டை விழுங்குவதில்லை. தவறிய பாடத்துக்கு அதே கோடையில் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அந்த ஆண்டே மேற்படிப்பைத் தொடர வழியுண்டு. இதைச் சொல்ல ஒருவர் நேரில் போக வேண்டும். குரல் தாழ்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. 104 என்ற தமிழக மருத்துவ உதவி எண்ணிலும், 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். பெற்றோர் இந்த எண்களை முடிவு வரும் நாளுக்கு முன்பே எழுதி வைத்திருப்பது நல்லது. தேறியும் எதிர்பார்த்த மதிப்பெண் வராத பிள்ளைக்கும் இதே கவனம் தேவை. 560 எதிர்பார்த்து 520 வாங்கியவரின் அழுகையை நாம் அலட்சியம் செய்கிறோம். அவரது கற்பனை வருங்காலம் அந்த நாற்பதில்தான் உடைந்திருக்கிறது.

நம் பங்குகள் என்ன செய்யலாம்?

1. பெயர்ப் பட்டியல். ஒவ்வோர் அன்பியத்திலும் பிளஸ் டூ எழுதுவோரின் பெயரை எடுக்கிறோம். அதோடு, அதே வயதில் இருந்து பள்ளியை விட்டு நின்றவர்களின் பெயரையும் எடுப்போம். தேர்வுத் திருப்பலியில் அவர்களையும் நினைவுகூர்வோம். தனித்தேர்வராக எழுதவும், ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சியில் சேரவும் வழிகள் இருப்பதை அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வோம்.

2. முதல் சந்திப்பு. முடிவு வரும் நாளில் பங்குத்தந்தையும், அருட்சகோதரிகளும், மறைக்கல்வி ஆசிரியர்களும் வாழ்த்தச் செல்லும் முன், தவறியவர் வீட்டுக்கு முதலில் செல்லலாம். வாழ்த்து மாலையிலும் சொல்லிக்கொள்ளலாம்.

3. உதவிகளை அறிவித்தல். அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டு, 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நம் பள்ளிகளில் பல உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகள் என்பதால், இவற்றின் நடைமுறை விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து ஞாயிறு அறிவிப்பில் சொல்வது பயன் தரும்.

4. முன்னவர் அனுபவம். பங்கில் தச்சராக, செவிலியராக, மீனவராக, வங்கி ஊழியராக, மாவுமில் நடத்துகிறவராக இருப்பவர்களை அழைத்து, பதினேழு வயதில் என்னவாக நினைத்தார்கள், என்னவானார்கள் என்று பத்து நிமிடம் பேசச் சொல்வோம். வென்றவர் மட்டுமன்றி, பாதை மாறியவரும் பேசட்டும்.

5. தனக்கே ஒரு கடிதம். ஜப்பானில் சுகுபா நகரில் 1985இல் நடந்த உலகக் கண்காட்சியில், வந்தவர்கள் வருங்காலத்துக்கு எழுதிய கடிதங்களை அஞ்சல்துறை பெற்றுப் பாதுகாத்து, 2001 புத்தாண்டில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. நம்மால் அவ்வளவு செய்ய இயலாவிட்டாலும், விடைபெறும் வகுப்பு தனக்கே எழுதும் கடிதங்களை ஒட்டிய உறையில் பள்ளி அலுவலகத்தில் பத்தாண்டு வைத்திருக்க ஓர் இரும்புப் பெட்டி போதும். கடிதத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும்: யாருக்கு நன்றி சொல்லாமல் போகிறேன்? யாரை நான் மறந்துவிடக் கூடாது? எந்த வேலையில் இருந்தாலும் எப்படிப்பட்ட ஆளாக இருக்க விரும்புகிறேன்?

மீண்டும் கூடும்போது

பள்ளித் தோழர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் கூடுவது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. 2004இல் வந்த 'ஆட்டோகிராப்', 2018இல் வந்த '96' போன்ற திரைப்படங்கள் அந்த ஆசையைத் தூண்டின. வாட்ஸ்அப் குழுக்கள் அதை எளிதாக்கின. வெள்ளிவிழாக் கூட்டங்களில் தலை நரைத்தவர்கள் பழைய வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயர் சொல்லி எழுந்து நிற்கிறார்கள். அங்கே யாரும் யாருடைய கட்-ஆப்பையும் கேட்பதில்லை. யார் மதிய உணவைப் பகிர்ந்தார், யார் காய்ச்சலில் கிடந்தபோது நோட்டு எழுதித் தந்தார் என்பதே பேச்சாக இருக்கிறது. வசதி குறைந்தவர், வாழ்வில் அடிபட்டவர் சிலர் அழைத்தும் வருவதில்லை. அவர்களைத் தேடிப் போய் அழைத்து வரும் ஒருவர் இருந்தால், அந்த வகுப்பு இன்னும் வகுப்பாகவே இருக்கிறது என்று பொருள்.

இந்த ஆண்டு விடைபெறும் பிள்ளைகளே! உங்களுக்குப் பிறர் எழுதித் தந்த வருங்காலம் நிறைவேறலாம், நிறைவேறாமலும் போகலாம். நீங்கள் ஒருவருக்கொருவர் யாராக இருந்தீர்கள் என்பது நிறைவேறிவிட்ட ஒன்று. அதை எந்த மதிப்பெண்ணும் அழிக்காது. தேர்வறையில் நுழையும்முன் பக்கத்து மேசையைப் பாருங்கள். அங்கே ஆள் இல்லையென்றால், தேர்வு முடிந்ததும் சட்டையில் மை தெளிக்கும் முன், அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடுத்த தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.